பழவேற்காட்டு எதிர்க்கட்சி

தன்னைக் கடித்த கொசுவுக்காகப் பரிந்து பேசுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பழவேற்காட்டில் நான் ஐஸ் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது எதிரே இருந்த குப்பத்தில் குடியிருந்தார். ஏரியில் மீன் பிடிப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் 'எதிர்க்கட்சி'.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐஸ் சீக்கிரம் உருகிப்போகிறது என்று சண்டைக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கினார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார்? கரண்டு நிக்க மாட்டுது. வெயிலு மண்டைய பொளக்குது. இதுல கம்பெனிய கொற சொன்னா ஞாயமா?"

என்னைக் கேட்டுவிட்டு இன்னொரு கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் முதலாளிகூடக் கம்பெனிக்காக அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

இந்த வியாதி அவருக்குப் பள்ளிக்கூடத்தில் தொற்றியது. பட்டணத்தில் சேசு சபைச் சாமியார்கள் நடத்திய, நூறு வயதைத் தாண்டிய பள்ளி. குப்பத்துப் பையன் எப்படியோ அங்கே விடுதியில் இடம் பிடித்துவிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் பேச்சு மன்றம். அதை நடத்திய ஃபாதர் ஒரு விதி வைத்திருந்தார். எதிராளி சொல்வதை, எதிராளியே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் கட்சி. கூடப் படித்தவர்கள் அந்த விதியை மறந்துவிட்டு வக்கீலானார்கள். இவர், நைனா இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டதால், பாதியில் படிப்பை விட்டு வலைக்குத் திரும்பினார். விதியும் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது.

தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், இந்த மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் எனப் பெண் வீட்டாருக்காக இவரே பேசினாராம். சொந்தப் படகு கிடையாது, பேச்சு ஜாஸ்தி, குழம்பில் உப்பு குறைந்தால் முகம் கோணும். உள்ளேயிருந்து பெண், "இவ்ளோ உண்மைய வேற எவன் சொல்லப்போறான், முடிச்சிடு நைனா" என்றதாம். அந்த அக்காவே எனக்குச் சொன்னது. "எங்க வூட்ல சண்ட வந்தா நான் சும்மா குந்திகினு இருப்பேன் சார். என் பங்கையும் அவரே பேசிடுவாரு."

ஒருமுறை டச்சுக் கல்லறையைப் பார்க்க ஒரு காலேஜ் கூட்டம் வந்தது. டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டிக் கொள்ளையடித்த கதையை வாத்தியார் விளக்கிக்கொண்டிருந்தார். மதில் ஓரம் நின்ற நம்மவர் உள்ளே வந்தார்.

"நீங்க சொல்றது கரெக்டு சார். ஆனா அவன் பக்கமும் ஒண்ணு கீது. மாசக்கணக்கா கப்பல்ல வாந்தியெடுத்துகினு வந்தான். வந்த எடத்துல வெயிலு, கொசு, பேதி. பாதிப்பேரு இங்கியே பூட்டான் பாவம்."

மாணவர்கள் கைதட்டினார்கள். வாத்தியார் தட்டவில்லை.

இதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த காலம். பிறகு ஒரு மழைக்காலத்தில் ஏரியின் முகத்துவாரம் மணலடித்து இடம் மாறியது. தெற்குக் குப்பத்தார் எங்கள் குப்பம் வழக்கமாக வலை கட்டும் இடத்தில் வந்து வலையை இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வலையை அறுத்தார்கள். மறுநாள் எங்கள் ஆள் ஒருவன் கையொடிந்து வந்தான். அடுத்த காலை ஏரிக்கரையில் இரண்டு கூட்டமும் துடுப்போடு எதிரெதிரே நின்றன. நான் கம்பெனிக் கதவைப் பூட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எதிர்க்கட்சி நடுவில் போய் நின்றார்.

"அடிச்சிக்கலாம். வேணான்னு சொல்லல, அதுலயும் ஞாயம் கீது. ஆனா எதுக்கு அடி வாங்கறோம்னு தெரிஞ்சி வாங்கணும் இல்ல? தலைவரே, அவங்களுக்கு இன்னா கொறைனு நீங்க சொல்லுங்க."

எங்கள் தலைவர், "திருட்டுப் பசங்க, வேற இன்னா?" என்றார்.

"அது நாங்க சொல்றது இல்லியே" என்றார் தெற்குத் தலைவர், தன்னை அறியாமல்.

"பாத்தீங்களா, அவரு ஒத்துக்கல. மறுபடி சொல்லுங்க."

தலைவர் மறுபடி சொன்னார். அதுவும் செல்லவில்லை. வெயில் ஏறியது. துடுப்புகள் மெல்லத் தரையில் ஊன்றப்பட்டன. கடைசியில் அவர் எரிச்சலோடு, "மொகத்துவாரம் நவுந்ததுல அவங்க எடம் மணலா பூட்ச்சி. புள்ளகுட்டிங்கள வெச்சிகினு இங்க வராம எங்க போவாங்க?" என்றார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் திகைத்துப்போனார்.

"ஆமா. அதான்" என்றார் தெற்குத் தலைவர். அவருடைய முறை வந்தபோது தரையைப் பார்த்தபடி, "ஒரு வார்த்த கேக்காம வந்து எறக்குனா யாருக்குத்தான் எரியாது" என்றார்.

ஆளுக்கு ஒரு நாள் மாற்றி வலை கட்டுவதென்று முடிவானது.

ஆனால் எங்கள் குப்பத்து இளவட்டங்களுக்கு மனம் ஆறவில்லை. பாதி இடத்தைத் தாரை வார்த்துவிட்டானென்று அவருக்கு எந்தப் படகிலும் இடம் தரவில்லை. அவர் தினமும் பஸ் ஏறித் திருப்பாலைவனத்துக்கு நடவு, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகத் தொடங்கினார். வழியில் பார்த்தபோது, "ஒங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டேன்.

"அவங்க கோவமும் கரெக்டு தான சார்?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். கையெல்லாம் நெல் தாள் கிழித்த கோடுகள்.

சில மாதங்களில் முகத்துவாரம் மறுபடி நகர்ந்தது. இந்த முறை மணல் மேடிட்டது எங்கள் இடம். அடுத்த காலை, யாரும் கேட்காமலே தெற்குக் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. "எங்க பக்கம் வாங்க, மாத்தி மாத்தி கட்டிக்கலாம்."

எங்கள் தலைவர் நேராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார் எதிர்க்கட்சி.

"இன்னாத்துக்கு அறுப்புக்குப் போற? படகு நிக்கிது, வா."

"அதெப்டி தலைவரே? அன்னிக்கி நீங்க என்ன படகுல ஏத்தாம வுட்டதுல ஒரு ஞாயம்..."

"வாய மூடிகினு வாய்யா."

வந்தார். மூடவில்லை. படகில் ஏறும்போதும், தன்னை ஏன் ஏற்றக் கூடாது என்று இளவட்டங்களுக்காகப் பேசிக்கொண்டே ஏறினார். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். படகு தூரம் போன பிறகும் தண்ணீரின் மேல் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றேன். இத்தனை மாதம் அந்தக் கரை எவ்வளவு அமைதியாகக் கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.