பெட்டரி குடித்த முனி

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும். நாவலப்பிட்டி வீதியில் பெட்டரிச் சாமியின் தகரக் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் முண்டியடிக்கும். பள்ளிக்கூட லீவுக்கு நின்ற வேன்காரர், வேலையில்லாமல் நின்ற லொறிக்காரர், மழைக்கு நின்ற டிராக்டர்காரர் என்று எல்லோர் தோளிலும் செத்த பெட்டரி. சாமி அதன் தலையில் கை வைப்பார். கண்ணை மூடுவார். "முனி குடிச்சிருக்கு" என்பார். மூன்று நாள் 'தவ அறை'யில் வைத்து முனியை ஓட்டித் திருப்பிக் கொடுப்பார். எல்லாப் பெட்டரிக்கும் ஒரே முனிதான். பாவம், அதற்கு ஒரு நாள் லீவு கிடையாது!

அன்று வரிசையில் கலாராணியும் நின்றாள். அவளும் கணவன் வீரையாவும் ஒரு பழைய பஸ்ஸுக்குள் கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்து மலையெல்லாம் சுற்றுவார்கள். மழை மாதங்களில் அது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லய வீடுகளுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும். நின்றால் பெட்டரி சாகும். இது மூன்றாவது சாவு.

சாமி உதட்டைப் பிதுக்கினார். "இனி ஓட்ட முடியாதும்மா. முனி வண்டியிலயே குடியேறிருச்சு. வித்துடுங்க. என் சிஷ்யன் ஒருத்தன் துணிஞ்சவன், அவன் எடுத்துக்குவான்."

வீரையா தலையாட்டிவிட்டான். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாவி கைமாறுவதாகப் பேச்சு. இத்தனை வருஷம் கொழுந்து பறித்த கை கட்டிய வண்டியல்லவா அது! கலாராணி நேரே றமீஸாவின் பெட்டரிக் கடைக்குப் போய் அழுதாள்.

"அழாத புள்ள. வண்டி நிக்கக்குள்ள உள்ளுக்கு ஏதாச்சும் எரியுதா?"

"ஒண்ணும் இல்லக்கா. சாமி படத்துக்கு முன்னால, அணையா விளக்குன்னு பெட்டரிச் சாமி மாட்டிக் குடுத்த செவப்பு பல்பு மட்டுந்தான். வண்டி நின்னாலும் அது அணையக் கூடாதாம்."

றமீஸா சிரித்தாள். "அப்ப முனி சாமி படத்துக்கு முன்னுக்குச் செவப்பா உக்காந்து ஈக்கி!"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கக்கா!"

"நான் செல்லல்ல. சோதிச்சுப் பாப்பம்."

அன்று மாலையே, றமீஸா கடையிலிருந்து கொடுத்த பெட்டரியில் ஓடி, வண்டி சாமியின் முற்றத்துக்கு வந்து நின்றது. கூட்டம் இன்னும் கலையவில்லை. றமீஸா மிகப் பணிவாகக் கேட்டாள்.

"சாமி, இந்த ரெண்டு பெட்டரியும் ஒரே மாதிரி. ரெண்டும் இண்டைக்கு முழுசாச் சார்ஜ் போட்டது. ஒண்டுக்கு ஒங்கட விளக்கு காவல் ஈக்கட்டும். மத்தத வயர் ஒண்டும் கொடுக்காம வண்டிக்குள்ளயே பலகையில வெக்கிறேன். அடுத்த வெள்ளிக்குள்ள முனி எதக் குடிக்கும்?"

"காவல் இல்லாததத்தான் குடிக்கும். இதுகூடத் தெரியலையா?" என்றார் சாமி. கூட்டம் கைதட்டியது. கலாராணி வண்டியைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.

மறுவெள்ளிக்கு இரட்டிப்புக் கூட்டம். முதலில் காவல் இருந்த பெட்டரி. வீரையா சாவியைத் திருகினான். 'டக்'. அவ்வளவுதான். அணையா விளக்கும் அணைந்து கிடந்தது. பிறகு பலகையில் அநாதையாகக் கிடந்த பெட்டரியை மாட்டித் திருகினான். பஸ் உறுமிய உறுமலில் சாமியின் குடுமி அவிழ்ந்தது.

"முனி... விளக்குல மாட்டிக்கிச்சு!" என்றார் சாமி.

"அப்ப ஒங்க ரூமுல வச்ச பெட்டரிக்கு மட்டும் எப்பிடி உசிரு வருது?" என்று கேட்டுக்கொண்டே லொறிக்கார முனாப் தவ அறைத் திரையை இழுத்தார். உள்ளே எட்டுப் பெட்டரிகள் வரிசையாகத் தவம் செய்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சார்ஜர் 'ம்ம்ம்' என்று மந்திரம் ஓதியது. அதன் பிளக் சுவரில்!

கூட்டம் சாமியை விட்டுவிட்டுத் தத்தம் வண்டிகளுக்கு ஓடியது. ஒவ்வொன்றிலும் சாமி மாட்டிய அதே சிவப்பு விளக்கு.

கலாராணி தன் விளக்கைப் பிடுங்கிச் சாமியின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க, உங்க முனி. வண்டி விக்கிறதுக்கில்ல."

வீரையா தலை குனிந்தான். "இனி என்னக்கா செய்யணும்?"

"வண்டிய நிப்பாட்டினா நெகட்டிவ் வயரக் கழட்டு. மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் போடு. உள்ளுக்குத் தண்ணி கொறஞ்சா பெட்டரித் தண்ணி ஊத்து, தீர்த்தம் ஊத்தாத. இதுக்கு மந்திரம் ஒண்டும் இல்ல."

சாமிக்கு விளக்கேற்றுவது உங்கள் இஷ்டம், கண்ணுகளா. ஆனால் அதன் வயர் எங்கே போகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். கும்பிடக் குனிகிற முதுகுதானே, அதற்கும் வளையும்!