ஐந்து குப்பியும் ஊதா விளக்கும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செல்வி காயத்ரிக்கு, சாயப்பட்டறை மாணிக்கவாசகம் ஆசீர்வதித்து எழுதுவது. காமாட்சியம்மன் கருணையால் நானும் உன் அம்மா அம்சவேணியும் சௌக்கியம். ஹாஸ்டல் சாப்பாட்டையும் மீறி நீ அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வராத சங்கதி, அதனால் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

தீபாவளிக்கு வந்தபோது நீ ஃபிரிட்ஜில் விட்டுப்போன ஐந்து குப்பிகளையும் நான் காலி செய்துவிட்டேன். திட்டாதே, முழுதும் கேள். "இதுதாம்மா என் மூணு வருஷம்" என்று அம்மாவிடம் காட்டினாய். குவாண்டம் டாட் என்றாய். கண்ணுக்குத் தெரியாத மணிகளாம், எல்லாம் ஒரே சரக்காம், கொஞ்ச நேரம் காய்ச்சினால் மணி சின்னதாக வளர்ந்து நீலமாக ஒளிருமாம், இன்னும் காய்ச்சினால் பெருத்துப் பச்சை, மஞ்சள், கடைசியில் சிவப்பாம். இதுபோக, ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்காகப் படிகம் வேறு வளர்க்கிறாயாம். முப்பது வருஷமாகச் சாயக் கொப்பரை முன்னால் வெந்துகொண்டிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? கூட நேரம் காய்ச்சினால் நிறம் அழுத்தமாகும், நீலம் சிவப்பாகாது. எடுத்துப் பார்த்தால் 'சிவப்பு' என்று சீட்டு ஒட்டிய குப்பியில் சிவப்பே இல்லை, ஐந்தும் வடித்த கஞ்சி மாதிரி இருந்தன. நம் வீட்டுக்குள் எந்த நிறம் வந்தாலும் ஒரு பிடி பட்டு நூலை நனைத்து வெயிலில் பிடித்துப் பார்க்காமல் நாம் விட்டதுண்டா? ஐந்தையும் சோப்புத் தண்ணீரில் கரைத்து முக்கினேன். வெளிறின சந்தன நிறம்தான் வந்தது. சப்பென்று ஆகிவிட்டது. நூலை வீணாக்க மனசில்லாமல் தறிக்கார சிவராஜிடம் கொடுத்தேன், அவன் அதை ஒரு கல்யாணப் புடவையின் முந்தானையில் ஓட்டிவிட்டான்.

அந்தப் புடவைதான் போன வாரம் தென்னேரியில் ரேவதி என்கிற பெண்ணின் வரவேற்புக்கு மேடை ஏறியது. எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது. பாட்டுக் கோஷ்டிக்காரன் ஊதா விளக்கைப் போட்டான். முந்தானை நுனியில் நீலமாக ஒரு கை தெரிந்தது. கைக்குழந்தையின் உள்ளங்கை அளவு, ஐந்து விரலும் சுத்தமாக. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த பாட்டுக்கு அது முதுகில் இருந்தது, பச்சையாக, கொஞ்சம் வளர்ந்து. மூன்றாவது பாட்டுக்கு மஞ்சளாகத் தோளைப் பிடித்திருந்தது. அந்தப் பெண் இரண்டு தரம் திரும்பி யார் என்று பார்த்தாள், காயத்ரி. அவள் மாமியாரோ என்னிடம் ஓடி வந்து, "இன்னாபா, சூப்பரா இருக்குது! எனக்கும் இதே டிசைன்ல ஒண்ணு வோணும்பா" என்கிறாள். நான் பாயசம் வரும்வரை கூட இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா லைட்டை ஜவுளிக்கடையில் இரவல் வாங்கினேன். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒவ்வொரு இடமாக அடித்துப் பார்த்தோம். என் கையில் ஒன்றுமில்லை, கொப்பரையில் ஒன்றுமில்லை. உன் அறையில் இருந்தது. கட்டில் காலருகே நீலத்தில் சின்னக் கை, ஒரு முழம் மேலே பச்சையில் கொஞ்சம் பெரிய கை, அதற்கு மேலே மஞ்சள். மேலே ஏற ஏற வளர்ந்துகொண்டே போய், உன் தலையணைக்கு நேர் மேலே விட்டத்தில் சிவப்பாக ஒன்று. என் கையை விடப் பெரியது. நீ சொன்ன கணக்கு அப்படியே சரியாக இருக்கிறது, அந்த மட்டில் அப்பா தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. வெள்ளை அடித்தேன். மறுநாள் வெள்ளைக்கு மேலே அதே வரிசை. திரும்ப அடித்தேன், திரும்ப அதற்கு மேலே. அடுக்கின் மேல் அடுக்கு என்று நீ சொன்னது இதுதானா? நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன், உன் அம்மாவோ அண்ணாந்து பார்த்து, "அவ்ளோ உசரம் ஏறிக்கினு போவுதே, அப்படியே அந்த ஒட்டடையையும் அடிச்சா இன்னாவாம்?" என்கிறாள்.

பயமெல்லாம் இருக்கட்டும். பதினான்காம் தேதி உன் புரொபசர் அந்தக் குப்பிகளைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் உனக்கு டாக்டர் பட்டம் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மூன்று வருஷ உழைப்பை மூன்று நிமிஷத்தில் கரைத்த பாவி நான். அந்தப் புரொபசர் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். மறுபடி காய்ச்ச ஆள் வேண்டுமென்றால் நானே வந்து உன் அடுப்பு முன்னால் நிற்கிறேன், தீ பதம் பார்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ வெள்ளிக்கிழமை கட்டாயம் புறப்பட்டு வா. சுவரில் இருப்பதைச் சுரண்டி எடுத்தாவது பட்டத்தைக் காப்பாற்று. உன் கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறோம், படுத்தபடியே நிதானமாக ஆராய்ச்சி செய்யலாம்.

ஏகாம்பரநாதர் உனக்கு ஆயுளையும் பட்டத்தையும், எனக்கு உன் மன்னிப்பையும் அருளட்டும். அம்மாவின் ஆசி. எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்படிக்கு,
உன் அப்பா
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நீயே போன் செய்தாய். குப்பியைப் பற்றி மென்று விழுங்கிக் கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "ஐயோ அப்பா, அது விஷம்பா, வீட்டுக்கு எடுத்தாருவனா? அம்மாவுக்குக் காட்டறதுக்குச் சும்மா வெறும் எண்ணெய் ஊத்திக்கினு வந்தேன். அசல் எல்லாம் லேப்ல பத்திரமா இருக்குது" என்றாய். ஆகவே உன் பட்டத்துக்கு ஆபத்தில்லை, மேலே எழுதிய மன்னிப்பையெல்லாம் அடித்துவிடு. அம்மா பக்கத்திலேயே நின்றதால் போனில் மேற்கொண்டு பேச முடியவில்லை. குப்பியில் இருந்தது வெறும் எண்ணெய்தான் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ரேவதி வீட்டுக்குத்தான் இப்போது கிளம்புகிறேன், புடவையைத் திரும்ப வாங்க வேண்டும். நீ வெள்ளிக்கிழமை வராதே கண்ணு. நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம்.