ராசாகாலத்தார் திறந்த இடது கண்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்பி தூக்கி, பிறகு சொந்தமாய் நாலு ரிக் ஓட்டி, தண்ணீரே கிடையாது என்று கைவிட்ட காட்டிலெல்லாம் தண்ணீர் எடுத்து, நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு அம்மன் கோயிலும் கட்டியவன். இந்த ஜில்லாவில் என்னை அதட்டிய ஒரே ஆள், சிலை செதுக்க வந்த கல்தச்சர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் ராசாகாலத்தார்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வேலையைத் தானே முந்தாநாள் முடித்தது போலப் பேசுவார்.

“நாமக்கல் மலையை நாங்க குடையறப்போ ராசா வந்து நின்னாருங்க. ‘வெளிச்சத்தை மறைக்காதீங்க சாமி’ன்னோம். பாவம், நகந்துக்கிட்டாரு.”

“நீங்க அங்க இருந்தீங்களாக்கும்?”

“எங்காளுக இருந்தாங்க. நாங்க உளி எடுக்காட்டி அவரு ராசான்னு ஆருக்குங்க தெரியும்? நீங்களும் கொஞ்சம் தள்ளுங்க.”

தள்ளி நின்றேன்.

கல்லைத் தட்டி, காதை வைத்துக் கேட்டுத்தான் எடுப்பார். ஏழு கல்லைத் திருப்பி அனுப்பினார். என் ரிக் எந்தப் பாறையையும் ஒரே பகலில் துளைக்கும் என்றேன்.

“துளைக்குமுங்க. கல்லு பேசறதை அது கேக்குமா?”

கல் அவரிடம் பேசியதோ என்னவோ, நெஞ்சுக்குள் புகுந்துவிட்டது. நுரையீரல் முழுக்கக் கல்தூள், இனி உளியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அப்போது சிலைக்குக் கண் மட்டும் பாக்கி. கண் திறக்கும்வரை அது வெறும் கல். செதுக்கியவன் கைதான் திறக்க வேண்டும். அது ஆதியிலிருந்து வந்த முறை.

கோயில் கமிட்டிச் செயலாளர் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார். ராசாகாலத்தார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“புள்ளைய நான் சுமந்துட்டு, பெத்துக்கப் பக்கத்தூட்டுக்காரியவா கூப்புடுவீங்க?”

ஆக்சிஜன் சிலிண்டரோடு என் காரில் கோயிலுக்குக் கூட்டி வந்தேன். வலது கண் மூன்று தட்டில் திறந்தது. இடது கண்ணில் உளியை வைத்தவருக்குச் சுத்தியல் கை தொங்கிவிட்டது. மூச்சு ரம்பம் போல இழுத்தது.

“போதும், எந்திரிங்க” என்றார் செயலாளர்.

“ஒத்தைக் கண்ணோட உட்டுட்டுப் போறதா?” என்று சீறிவிட்டு என்னைப் பார்த்தார். “முழங்கையத் தாங்குங்க. தாங்கறது மட்டுந்தான். வேலை என்னுது.”

தாங்கினேன். கையில் கனமே இல்லை. தட்டினார். அம்மன் எங்களைப் பார்த்தாள்.

“இனி அவ சாமி. நான் தொடக்கூடாதுங்க” என்று உளியைக் கீழே வைத்தார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

கோயில் கல்வெட்டில் என் பெயர் முழ நீளத்துக்கு இருக்கிறது. அவர் பெயர் இல்லை. வழக்கமில்லையாம். கமிட்டிக்காரர்களே, என் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு அங்கே அவர் பெயரை வெட்டுங்கள். கீழே, பொடி எழுத்தில், ‘இடது கண்ணுக்குக் கை தாங்கியவன்’ என்று என்னையும் போட்டாக வேண்டும். அதை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.