ஒற்றைக் காலில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர்

மதிப்பிற்குரிய ஃபுசாகோ அண்ணிக்கு, தம்பி மனைவி தொமோயே வணங்கி எழுதுவது.

இங்கே சீமைப்பனிச்சைப் பழங்களை உரித்துக் கூரையடியில் காயக் கட்டியாயிற்று. முதல் பனி இன்னும் விழவில்லை. ஒசாகாவில் உங்கள் முழங்கால் வலி தேவலையா? அமிதாப புத்தர் அருளால் அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இப்போதுதான் பூஜை மாடத்தில் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

"அப்பாவை அரசாங்கத்து ஆள் குளிப்பாட்டுவதா, மருமகள் எதற்கு இருக்கிறாள், ஊர் சிரிக்காதா" என்று கேட்டிருந்தீர்கள். மருமகளுக்கு ஐம்பத்தெட்டு வயது, அண்ணி. இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறாள். வீட்டுக் கணக்கு நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன், அக்டோபரில் மட்டும் மாமாவைத் தூக்கியது நூற்றுப் பன்னிரண்டு தடவை. வரும் ஏப்ரலில் தொடங்கும் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு நாற்பது தாண்டிய எல்லோரும் சந்தா கட்டப் போகிறோம். அதனால் இது பிச்சை இல்லை, பாத்தியதை. ஊர் சிரிக்கட்டும், சிரித்து முடித்ததும் வந்து ஒரு கை பிடிக்கட்டும்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். மாமாவின் நிலையைப் பார்த்து எழுதிப்போக நகராட்சியிலிருந்து மினகாவா என்ற பெண் வருவதாகச் சொன்னார்கள். அரசாங்க ஆள் வருகிறபோது வீடு வீடாக இருக்க வேண்டாமா? மூன்று நாள் துடைத்தேன். உங்கள் தம்பி காகிதக் கதவுகளுக்குப் புதுத் தாள் ஒட்டினார், மாமாவின் மலநாற்காலியைக் கொட்டகையில் ஒளித்து மேலே பாய் போட்டார், ஈரத்துணி ஒன்றுகூடக் கொடியில் இல்லை. மாமாவுக்கு முகம் மழித்து, அவர் அழுது கேட்ட, ஸ்டேஷன் மாஸ்டர் காலத்துப் பழைய ரயில்வே கோட்டை மாட்டிவிட்டேன். அங்கேதான் வந்தது வினை. தினமும் காலையில் என்னைப் பார்த்து "டிக்கெட்டைக் காட்டுங்கம்மா" என்று கேட்டு, நான் கிழித்த காலண்டர் தாளைக் காட்டினால்தான் குளியலறைக்கு விடுகிற மனிதர், அவள் நுழைந்ததும் விறைப்பாக எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் லேட்டு. பொறுப்பு யாரு?" என்றார். அவள், "மன்னிச்சிக்கோங்க ஐயா" என்றாள். இன்றைக்கு என்ன பருவம் என்றாள், தேதியோடு சொன்னார். தானாகக் குளிப்பீங்களா என்றாள், "இல்லாம? கூலி ஆள் வச்சா குளிப்பாங்க?" என்றார். ஒற்றைக் காலில் நிற்க முடியுமா என்றாள். நின்றதோடு விடாமல் கையை நீட்டி, "சிக்னல் சரி, புறப்படலாம்" என்று கத்தினார். அவளும் புறப்பட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காலை இறக்கி அவரை உட்கார வைக்க நாங்கள் இரண்டு பேரும் வேண்டியிருந்தது. அதை யார் எழுதினார்கள்? பக்கத்து வீட்டு மோரிட்டா அம்மா, "உங்க மாமனார் குரல் கடைத்தெரு வரைக்கும் கேட்டுச்சே, நல்லாத்தான் இருக்கார்" என்கிறாள்.

போன வாரம் முடிவு வந்தது: 'சுயமாக இயங்கக்கூடியவர், உதவி தேவையில்லை.' உங்கள் தம்பி அதைப் படித்துவிட்டு, "சரி, அப்பா பாஸாயிட்டார்" என்றார். நான் விடுவதாக இல்லை. மறு ஆய்வு கேட்டு எழுதிவிட்டேன், நோட்டையும் இணைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு குளியலும் இரண்டு பகலும் வேறு யாராவது அவரைப் பார்க்கட்டும், இல்லையென்றால் ஜனவரிக்குள் இந்த வீட்டில் தூக்கிவிட வேண்டியவர்கள் மாமாவும் நானுமாக இரண்டு பேர் ஆவோம். இந்தத் தடவை துடைப்பதில்லை, மழிப்பதில்லை. நாற்காலி நடுக்கூடத்தில் நிற்கும், துணி கொடியில் தொங்கும். அரசாங்கம் எங்களை உள்ளபடியே பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியது அழுக்கு இல்லை, அண்ணி, ஒளித்ததுதான். உங்களுக்குக் கோபமென்றால் ஒரு வாரம் வந்து தங்கி, மீதிக் கோபத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். புத்தர் உங்கள் முழங்காலைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தொமோயே

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது போன் வந்தது. வியாழன் பத்து மணிக்கு மறு ஆய்வு. இந்தத் தடவை மினகாவா தன் மேலதிகாரியையும் அழைத்து வருகிறாள். உங்களிடம் இருக்கும், விருந்தாளிகள் உட்காரும் நல்ல பட்டு மெத்தைகள் ஐந்தையும் புதன்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்புங்கள். மாமாவின் கோட்டுக்குப் பொத்தான் தைத்தாயிற்று.