ஜப்பான் அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள்

திருகோணமலைத் துறைமுகம் எத்தனையோ நாட்டுக் கப்பல்களைக் கண்டிருக்கிறது. ஆனால் கிரேன் அண்ணரைப் போலப் படம் பார்த்த ஒரு மனிதரை எந்த நாடும் கண்டிராது. நாங்கள் திரையைப் பார்த்தோம். அவர் திரைக்குள் குடியிருந்தார்.

எழுபதுகளில் எங்கள் நகரத்துத் திரையரங்கில் ஞாயிறு காலைக் காட்சிக்குச் சீனச் சண்டைப் படங்களும், இடைக்கிடை ஜப்பானியக் குடும்பப் படங்களும் வரும். அண்ணர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவில் மட்டும் இருந்தது. நான் அங்கே கந்தோரில் கணக்கெழுதும் எழுதுவினைஞன்.

திரையில் எவனாவது வாளோடு பதுங்கினால், "டேய் தம்பி, பின்னால பாரடா!" என்று கதாநாயகனை எச்சரிப்பார். அவன் திரும்பிவிட்டால் எங்களிடம், "பாத்தியளே, சொல்லுக் கேக்கிற பிள்ளை" என்பார். திரும்பாமல் வெட்டு வாங்கினால் இரண்டு நாளைக்கு அவனோடு கோபம்.

ஒரு படத்தில் குச்சிகளால் சாப்பிடுவதைக் கண்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் இரண்டு ஈர்க்கு முறித்து இடியப்பம் சாப்பிட உட்கார்ந்தார். ஓர் இழை வாய்க்குப் போவதற்குள் பத்து இழை மடியில் விழுந்தது. வேலைச் சங்கு ஊதியபோது முதல் இடியப்பமே முடியவில்லை.

"கையால சாப்பிடுங்கோவன் அண்ணர்."

"சும்மா இரும் தம்பி. இப்பிடிச் சாப்பிடுறதாலதான் சீனர் ஒருத்தரும் வயிறு வைக்கிறேல்ல."

அன்று பின்னேரம் பசி மயக்கத்தில் அவர் கிரேனில் தூக்கிய கோதுமை மாமூட்டைகள், இறங்க மனமில்லாமல் கடலுக்கு மேல் ஊஞ்சலாடின.

ஒன்று மட்டும் அவருக்கு ஏலாது. படத்தில் யாராவது நோயில் படுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். திங்கள் காலை என் மேசைக்கு வந்து முடிவை விசாரிப்பார். படத்தின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசிக்கத் தெரிந்தவன் நான்.

அப்படித்தான் ஒரு படத்தில் அந்த ஜப்பான் அம்மா வந்தார். கடற்பாசி பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்த விதவை. அவர் இருமத் தொடங்கியதும் அண்ணர் செருப்பைத் தேடினார்.

மறுநாள் கேட்டார்: "தம்பி, அந்த மனிசிக்கு எப்பிடி?"

கந்தோரில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க எனக்கு ஆசை வந்தது.

"செத்துப்போட்டா, அண்ணர்."

உண்மையில் அந்த அம்மா எழுந்திருந்து, இரண்டு கோப்பை கஞ்சி குடித்து, மருமகளை ஏசியபிறகுதான் படமே முடிந்தது.

"ஆர் பக்கத்தில இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டாவது பொய்யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"மூண்டு பிள்ளையள் இருந்தும் ஒருத்தரும் இல்லையோ? அப்ப கிரியை ஆர் செய்தது?"

அடுத்த நாள் முதல் அவர் சவரம் செய்யவில்லை. மீனை நிறுத்தினார். முப்பத்தோராம் நாள் கன்னியாவில் கிரியை என்று துறைமுகம் முழுக்கச் சொன்னார். மூட்டை தூக்கும், நாங்கள் காக்கா என்று அழைக்கும் கிண்ணியா முஸ்லிம் பெரியவர், "அவ்வளவு தூரத்திலயும் உங்களுக்குச் சொந்தம் இருக்கா?" என்று கேட்டு, வாழைக்குலை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பத்தாம் நாள் பயமாக இருந்தது. இருபதாம் நாள் அவருடைய தாடியைப் பார்க்கவே முடியவில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள், இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று எங்களூர் நம்பும். அங்கே அண்ணர் முழுகி, ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"செத்தவவின்ர பேர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"பேரைத் தம்பியிட்டக் கேளுங்கோ. நட்சத்திரம் ஜப்பானில பாக்கிறவையோ தெரியேல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணர், அவ சாகேல்ல. நான் பகிடிக்குச் சொன்னனான். எழும்பியிருந்து கஞ்சி குடிச்சவ. மருமகளையும் ஏசினவ."

காக்கா வாழைக்குலையைக் கீழே வைத்தார். அண்ணர் எழுந்து வந்தார். பத்து வருடம் கிரேன் பிடித்த கை. என் கன்னத்துக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது தோளில் மெதுவாக இறங்கியது.

"பாத்தியளே தம்பியின்ர மனசை! நான் அழுறதைப் பாக்க ஏலாமல், செத்த மனிசிக்குக் கஞ்சி குடுக்கிறார்."

"சத்தியமா அண்ணர்!"

"எனக்காகப் பொய்ச் சத்தியமும் பண்ணுறார்" என்று ஐயரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். பேர் தெரியாததால் 'அம்மா' என்றே சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

அதன்பிறகு துறைமுகத்தில் என்னைப்போல் இளகிய மனதுக்காரன் இல்லை என்று பேராயிற்று. இன்னும் இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன். இரண்டு தடவையும் பேர் கூடியதுதான் மிச்சம். கடைசிவரை அண்ணர் அதை நம்பினார். என் வாழ்நாளில் ஒன்றிரண்டு நல்ல காரியங்களும் செய்திருக்கிறேன்; அந்த மனிதர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.