குவைத் பேரீச்சம்பழமும் செவலையின் தொப்பையும்

ஆவூர்ப் பக்கம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

மதிப்புமிகு மச்சான் சூசைராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஷர்லியின் கணவன் அடைக்கலராஜ் தோத்திரம் கூறி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கு நான், ஷர்லி, மகன் ஜெஸ்வின், செவலைக் காளை ஆகிய நால்வரும் நலம். இதில் யார் அளவோடு நலம், யார் அளவுக்கு மீறி நலம் என்பதை விளக்கத்தான் இக்கடிதம். குவைத்தில் தாங்களும் அக்கா வேளாங்கண்ணியும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் லீவு முடிந்து குவைத் திரும்பும் ஐயனார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சான், கிறிஸ்துமஸ் அன்று வீடியோ காலில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. கேக் வெட்டி முடித்து, கேமரா முன்னால் பையன் வந்து நின்றதும், "என்னா மாப்ள, பத்தாவது படிக்கிற பய இப்புடி வத்தலா இருக்கான்? சோறு போடுறியளா, இல்ல ஃபோட்டோவுலதான் காட்டுறியளா? சூன்ல நான் வாரப்ப இப்புடியே இருந்தான்னா, திருச்சியில ஹாஸ்டல்ல சேத்து விட்டுருவேன், பாத்துக்க. அங்க காலையில முட்டை, சாயந்தரம் பாலு" என்றீர்கள். பக்கத்தில் முந்திரி மண்டி நிலவழகன் இருந்தார், அவர் சம்சாரம் இருந்தார், எங்கள் தெருவே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பதே ஒரு பிள்ளை. அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உங்கள் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? உங்கள் தங்கை முகத்தைக் குறை சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறேன்.

மறுநாளே பையனை எடை பார்க்க அழைத்துக்கொண்டு போனேன். வீட்டில் தராசு ஏது? நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், எனக்குச் செம்புக் கம்பி நிறுக்கிற தராசுதான் உண்டு. ஆகவே நிலவழகனின் முந்திரி மண்டிக்குப் போய், மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏற்றி நிறுத்தினேன். நிலவழகன் முள்ளைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் "சாக்குக்கு அரைக்கிலோ கழிவு" என்று சொல்லி எடையைக் குறைத்து எழுதினார். "யோவ், அது சாக்கு இல்லய்யா, பேண்ட்டு" என்றேன். "எதுவா இருந்தாலும் கழிவு கழிவுதான். பய கொட்டை உடைச்ச பெறகு நிக்கிற தோடு மாதிரி இருக்கானே" என்றார். மண்டியில் கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பையன் முகம் செத்துப்போனது. அப்போதே நான் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வழியிலேயே நின்று, யாரிடம் என்ன வைத்தியம் கேட்கலாம் என்று யோசித்தேன்.

கேட்கவே வேண்டியதில்லை மச்சான். எடை ஏற வைத்தியம் என்றால் நம் ஊரில் வாய் உள்ளவரெல்லாம் டாக்டர். கறுப்பு உளுந்தில் களி கிண்டி, நடுவில் குழி பறித்து, குழி நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக் கொடு என்றார் ஒருவர். எள்ளுருண்டை கொடு என்றார் இன்னொருவர். பருத்திப்பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொடு என்றார் மூன்றாமவர். புதுக்கோட்டைக்குப் போய் நாட்டுமருந்துக் கடையில் அமுக்கராப் பொடி வாங்கிவந்து பாலில் கலந்தேன். அந்த வாசனைக்குப் பூனை அடுக்களையை விட்டே போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, "பையன் திங்கட்டும்" என்று நீங்கள் வேறு டப்பா டப்பாவாகப் பேரீச்சம்பழம் அனுப்பினீர்கள். தேனில் ஊறப்போட்டேன். காலையில் களி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எள்ளுருண்டை, சாயந்தரம் பருத்திப்பால், படுக்கும்போது பேரீச்சை. நானே கிண்டினேன், நானே வடித்தேன். கடையில் காயில் எரிந்த மோட்டார்கள் வரிசையில் கிடந்தன. கொண்டுவந்து போட்டவர்கள் வாசலில் நின்று ஏசினார்கள். களி அடிப்பிடித்துவிடும், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

நடுவில் தவக்காலம் வந்து சேர்ந்தது. ஒருசந்தி நாளில் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிற்க வேண்டும். ஆனால் களி பதமாக வெந்திருக்கிறதா, கருப்பட்டி போதுமா என்று ருசி பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? மனசாட்சி உறுத்தியதால் பங்குச்சாமியிடமே போய்க் கேட்டேன். "சாமி, மருந்தை ருசி பார்த்தா ஒருசந்தி முறியுமா?" அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், அவர் பார்வை வயிற்றில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. "அடைக்கலம், ஒரு கரண்டி ருசி பார்த்தா அது மருந்து. சட்டியோட ருசி பார்த்தா அது பந்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாமி நகைச்சுவையாகப் பேசுகிறவர் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செவலை ஜல்லிக்கட்டுக் காளை. காலையில் அதை நடத்திக்கொண்டு போய்க் குளத்தில் நீச்சல் விட்டு, கொம்பால் மண் குத்தப் பழக்கி, திரும்ப ஓட்டிவருவது ஜெஸ்வின் வேலை. அவன் நல்ல பையன், ஒருநாளும் வைத்தியத்தை மறுத்துப் பேசியதில்லை. "குடுங்கப்பா, மாட்டுக் கொட்டத்துல வச்சு சாப்பிட்டுக்கிறேன். அங்கனதான் காத்தோட்டமா இருக்கு" என்று சட்டியை வாங்கிக்கொண்டு போவான். காலிச் சட்டியோடு திரும்புவான். நக்கி எடுத்தது போலப் பளபள என்று இருக்கும். நான் ஷர்லியிடம் சட்டியைக் காட்டிப் பெருமைப்பட்டேன். "நக்கித்தான் எடுத்திருக்கு" என்றாள். அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி உங்கள் தங்கை, ஆனால் எதையும் முழுசாகச் சொல்லித் தொலைக்க மாட்டாள்.

குருத்தோலை ஞாயிறு முடிந்து மறுபடியும் மண்டிக்குப் போனோம். பையன் எடை கூடவே இல்லை. நிலவழகன் இந்தத் தடவையும் கழிவு போட்டார். தராசுதான் கோளாறு என்று நிரூபிக்க நானே ஏறினேன். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நிலவழகன், "எறங்குங்க மாப்ள, எறங்குங்க. தராசு புதுசு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தராசு கோளாறு என்பது உறுதியாயிற்று என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு ஈஸ்டர் பாஸ்கா முடிந்து கோயில் திருவிழா. ஜல்லிக்கட்டு. போன வருசம் செவலை வாடிவாசலை விட்டுப் பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்து நீங்களே குவைத்திலிருந்து விசில் அடித்தீர்கள், அதே செவலைதான். முதல் சகுனம் மாட்டு டாக்டர் சோதனையிலேயே தெரிந்தது. சின்னப் பெண், மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னண்ணே போடுறீங்க இதுக்கு? மாடு ஓடுமா, உருளுமா?" என்று கேட்டார். பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு, மற்ற மாடு தின்கிறதுதான் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் போகட்டும் என்று சீட்டுக் கொடுத்தார்.

வாடிவாசல் திறந்தது. மைக்கில், "அடுத்து வருவது காயில் கடை அடைக்கலராஜ் மாடு! போன வருசம் யாரும் தொட முடியாத மாடு! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு!" என்று முழங்கினார்கள். செவலை வெளியே வந்தது. பாயவில்லை மச்சான், வந்தது. ரேஷன் கடைக்குப் போகிற ஆள் போல நிதானமாக வந்தது. ஒருத்தன் திமிலைக் கட்டிப்பிடித்தான். அதை அது கவனிக்கவே இல்லை, அவனையும் தூக்கிக்கொண்டு நடந்தது. இன்னொருத்தன் ஏறினான், அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தது. நேராகப் பார்வையாளர் தடுப்புக்குப் போனது. அங்கே மூங்கில் தடுப்புக்குப் பின்னால் ஜெஸ்வின் நின்றுகொண்டிருந்தான். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் மூஞ்சியை நுழைத்து, அவன் சட்டைப் பையை நாக்கால் துழாவி, உள்ளே இருந்த பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. திமிலில் இருந்தவர்களுக்கு இறங்குவதா இருப்பதா என்று தெரியவில்லை. மைக்குக்காரர், "மாடு… மாடு டிபன் சாப்பிடுது. மாடுபிடி வீரர்கள் தயவுசெய்து காத்திருக்கவும்" என்றார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. என் மானம் அந்தத் திடலிலேயே போயிற்று.

வீட்டுக்கு வந்து பையனை நிறுத்தி வைத்துக் கேட்டேன். எல்லாம் வெளியே வந்தது. களி, எள்ளுருண்டை, பருத்திப்பால், அமுக்கரா, உங்கள் பேரீச்சை, மொத்தமும் கிறிஸ்துமஸிலிருந்து செவலை வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. நான் ருசி பார்த்தது போக. "ஏன்டா இப்புடிப் பண்ணுன?" என்று கத்தினேன். "எனக்குப் பசிச்சா நானே சாப்புடுறேன்ப்பா. நீங்க சட்டியோட எதுக்க வந்து நிக்கிறப்பதான் பசி போயிருது" என்றான். "சரிடா, மாட்டுக்கு எதுக்குக் குடுத்த?" என்றேன். "சூன்ல மாமா என்னைய ஹாஸ்டல்ல விட்டுருவாங்கல்ல. அதுக்குள்ள நெறையா குடுத்து வச்சா, லீவுக்கு வாரப்ப செவலை என்னைய மறக்காம இருக்கும்ல" என்றான். மச்சான், அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. அழுதுவிட்டேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஷர்லியும் அழுதாள். செவலை கொட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தது, பேரீச்சைக்காக.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் சொர்ணவல்லி பையனை நிற்க வைத்து உயரம் அளந்தார், எடை பார்த்தார். கழிவு போடவில்லை. ஒரு அட்டையில் கோடு கோடாக இருந்ததில் விரல் வைத்துக் காட்டினார். "வயசுக்கும் உயரத்துக்கும் எடை சரியா இருக்குங்க. பையன் ஒரே மூச்சுல ஒசந்திருக்கான், அதான் ஒல்லியாத் தெரியுது. வீட்டுல பொங்குற சோறு, பருப்பு, கீரை, முட்டை, பசிக்கிறப்ப சாப்பிடட்டும். நல்லா வெளையாடட்டும், தூங்கட்டும். பொடி கிடியெல்லாம் யாரையும் கேக்காமக் குடுக்காதீங்க. முக்கியமா, நாலு பேரு முன்னாடி நிறுத்தி எடை போடாதீங்க, வளர்ற பிள்ளை மனசு ஒடஞ்சிரும்" என்றார். அப்போதுதான் ஷர்லி பையனின் பேண்ட்டைக் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. இத்தனை மாசமாக நான் பையனை அகலத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அவன் உயரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க ஏறுங்கண்ணே" என்றார். அந்த விவரம் இக்கடிதத்துக்குத் தேவையில்லாதது. காலையில் மாட்டோடு நானும் நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே மச்சான், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஜெஸ்வின் ஒல்லிதான். ஒல்லியாகவே நம் வீட்டில் இருக்கட்டும். சூனில் நீங்கள் வந்து அவனைப் பார்க்கும்போது "ஒசந்துட்டியேடா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். ஹாஸ்டல் பேச்சை எடுக்காதீர்கள். இந்த வீட்டில் இனி வைத்தியம் என்ற சொல்லுக்கே இடமில்லை. களிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பேரீச்சம்பழம் இனி ஒன்றுகூட அனுப்ப வேண்டாம் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் அந்த வெயிலிலிருந்து காத்து, அக்காவின் முழங்கால் வலியை நீக்கி, நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பாளாக. ஷர்லி அண்ணனுக்கும் அண்ணிக்கும் தோத்திரம் சொல்கிறாள். ஜெஸ்வினும் மாமாவுக்குத் தோத்திரம் சொல்கிறான், கொஞ்சம் தள்ளி நின்று.

தங்கள் அன்பு மைத்துனன்,
அடைக்கலராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது கொட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பேரீச்சை தீர்ந்ததிலிருந்து செவலை வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. விலா எலும்பு லேசாகத் தெரிகிறது. எடை சரியாகத்தான் இறங்குகிறது என்கிறார் மாட்டு டாக்டர். அவருக்கு என்ன தெரியும், சின்னப் பெண். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. ஆகவே களிச்சட்டியை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றியாயிற்று, ருசியும் பார்த்துவிட்டேன், கருப்பட்டி கொஞ்சம் குறைவு. ஐயனார் அங்கே வந்து சேர்ந்ததும் அடுத்து ஊர் வருகிற ஆள் கையில் பெரிய டப்பாவாகப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பவும். டப்பா மேல் மறக்காமல் "ஜெஸ்வினுக்கு" என்றே எழுதவும். ஷர்லியிடம் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.