ரிசப்ஷனில் கத்தரிக்காய்ப் புழு

ஒரு சாமானைக் கடையில் வாங்கினால், அது மக்கர் பண்ணும்போது கடைக்காரரைத் திட்டலாம். நாமே செய்ததென்றால் அந்த வசதி கிடையாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கல்லூரி முடித்த கையோடு, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் நான் ஒரு மாடுலர் சின்தசைசர் செய்துகொண்டிருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.) மின்சாரத்தால் இசை எழுப்பும் கருவி அது. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, அதைச் செதுக்க ஒரு பெட்டி, நடுங்க வைக்க ஒரு பெட்டி என்று தனித்தனியாகச் செய்து, ஒயர்களால் இணைக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த படங்களைப் பார்த்து, சர்க்யூட்டையும் என் விரல்களையும் சரிசமமாகச் சுட்டு, எல்லாவற்றையும் ஒரு பழைய மர பீரோவுக்குள் பொருத்தினேன். அம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே துணி வைக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் அக்கா ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அந்துவான், நெல்லித்தோப்பு. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சில் சிப்பாய். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரிசப்ஷனில் மணமக்கள் நுழையும்போது என் கருவிதான் வாசிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்.

"டேய் பாஸ்கல், அவங்க வீட்ல பேண்டு வைக்கலாம்னாங்க. ஒனக்காகத்தான் வேணாம்னு சொல்லிருக்கேன். மாமனார் முன்னாடி மானத்த வாங்கிடாத" என்றாள் அக்கா.

வீட்டில், குட்டை ஒயர்களோடு, ஒழுங்காக வாசித்த கருவிதான். மேடையில் எடுப்பாகத் தெரியட்டும் என்று, காலிங்பெல்லுக்குப் போடும் ஒயரை வாங்கி நீள நீளமாக மாட்டினேன். அது அத்தனையும் சேர்ந்து ரேடியோ ஏரியல் ஆகிவிடும் என்று இந்த இசைமேதைக்குத் தெரியாது.

மணமக்கள் மண்டப வாசலில் வந்து நின்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நான் குமிழைத் திருப்பினேன். முதலில் கரகரப்பு. பிறகு கணீரென்று ஓர் ஆண்குரல்:

"காய்ப்புழு தாக்கிய கத்தரிக்காய்களை உடனே பறித்து அழித்துவிட வேண்டும்."

வானொலியில் விவசாய நிகழ்ச்சி. ஒரு ஒயரைப் பிடுங்கினேன், சத்தம் கூடியது. இன்னொன்றைப் பிடுங்கினேன், அதே குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. வெள்ளை கவுனில், பூச்செண்டோடு, அக்கா அசையாமல் நின்றாள். அவள் உதடு துடிப்பது மேடையிலிருந்தே தெரிந்தது. பீரோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், நான்தான் உள்ளே இடமே வைக்கவில்லையே.

பிளக்கைப் பிடுங்க ஓடினேன். முன்வரிசையிலிருந்து சொல்தா கையை உயர்த்தினார்.

"தம்பி, நிறுத்தாத. இரு. நம்ம கொல்லையிலயும் இதே புழுதான்."

நான் பிளக்கை விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். வேப்பெண்ணெயில் எவ்வளவு தண்ணீர் கலப்பது, எந்த வேளையில் தெளிப்பது என்று மொத்த வைத்தியத்தையும் உறவுக்கூட்டம் நின்றபடியே கேட்டது. முடிந்ததும் சொல்தா பீரோவைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

முதலில் சிரித்தது அந்துவான்தான். அடுத்து அக்கா, பூச்செண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். பிறகு மண்டபம் முழுக்க. அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே இருவரும் நடந்து மேடைக்கு வந்தார்கள். ஏறியதும் அக்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். (வலிக்கிற மாதிரிதான்.) கல்யாண ஆல்பத்தில் முதல் படம் அதுதான்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் கூடிவந்தால், அந்துவான் என் தோளில் கைபோட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பார்:

"மச்சான், மியூசிக் நீதான? எங்க தென்னைக்கு வண்டு வந்திருக்கு, அதையும் கொஞ்சம் வாசிச்சிடு."